கியர்ப்பெட்டியிலிருந்து ஒரு சொட்டு



வாயில் தெளித்துக் கோலமிட இடமில்லாத அடுக்குமாடி வீடுகளில், வெளி மாநிலங்களில் வாழ்கிறோம். ஆயினும் விடிந்ததும் வாயிலை ஒரு முறை பார்த்துவிடும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. 2019-ஆம் ஆண்டு பொங்கலுக்கு ஆறு நாள் முன்னதாக, நாகபுரியில் நாம் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நம் மோட்டார் வண்டியின் அடியில் அப்படிப் பார்த்தபோது, சிமெண்டுத் தரையில் குங்குமச் சிமிழ் கவிழ்ந்தாற்போல் ஒரு சிவந்த வட்டம் தென்பட்டது. விரலால் தொட்டால் வழுக்கியது. அது எண்ணெய்.

அன்றைக்கு மூன்றாம் நாள் திருநெல்வேலிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. தேசிய நெடுஞ்சாலை 44 வழியாக 1600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். பண்டிகைக் காலத்தில் ரயிலில் இடம் கிடைப்பது எத்தகைய காரியம் என்பதை வெளி மாநிலத் தமிழர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் முதியவர்கள் காத்திருந்தார்கள். ஆகவே அந்தக் கசிவை நாமே நிறுத்திவிடுவது என்று துணிந்தோம். அந்தத் துணிவில் பாதி நியாயமானது, பாதி அறியாமை. இரண்டையும் இன்று சொல்ல எண்ணுகிறோம். இந்த வேலையைச் செய்தவர்கள் பலர் உண்டு. செய்து கெடுத்தவர்கள் அதைப்பற்றிப் பேசுவது குறைவு.

முதலில் எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கிளச்சை மிதித்து, கையால் கியர் மாற்றும் பழைய முறை வண்டியில் கியர்ப்பெட்டி எண்ணெய்க்கு உரிய வேலை, பற்சக்கரங்கள் தேயாமல் காப்பது. நம் நாட்டுப்புறத்தில் கட்டை வண்டி அச்சுக்கு மசகு இட்டார்களே, ஏறக்குறைய அதே வேலை. தானாகவே கியர் மாறும் வண்டியில் நிலைமை வேறு. அங்கே என்ஜினின் ஆற்றலைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்வதே எண்ணெய்தான். டார்க் கன்வெர்ட்டர் என்னும் உருண்டைக் கலத்துக்குள் எண்ணெய் சுழன்று ஆற்றலைக் கடத்துகிறது. ஒரு பம்பு அதே எண்ணெயை அழுத்தத்தோடு செலுத்தி, உள்ளே இருக்கும் கிளச்சுத் தட்டுகளை இறுக்கிக் கியரை மாற்றுகிறது. உள்ளே பிறக்கும் சூட்டை வெளியேற்றுவதும் அதுவே. எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும், எண்ணெய் நுரைக்கும், தட்டுகள் இறுகாமல் வழுக்கித் தீயும். அதன் பிறகு கியர்ப்பெட்டியைப் பிரித்துப் புதுப்பிக்க ஆகும் செலவைக் கேட்டால், வண்டியையே விற்றுவிடலாமா என்று தோன்றும்.

இன்னும் ஒரு பிரிவு உண்டு. 2014-இல் மாருதி செலேரியோ வண்டியில் ஏ.எம்.டி. என்னும் அமைப்பு வந்தது. பின்னர் பல சிறிய வண்டிகளிலும் அது பரவியது. கிளச்சு மிதி இல்லாததால் அதனையும் தானியங்கி என்றே அழைக்கிறோம். உள்ளே இருப்பதோ பழைய முறைக் கியர்ப்பெட்டிதான்; மனிதக் கைக்குப் பதிலாக ஒரு கருவி கியரை மாற்றுகிறது, அவ்வளவே. நாம் இப்போது சொல்லப்போகும் எண்ணெய்த் தட்டு அதில் கிடையாது. உங்கள் வண்டி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை, வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த எண்ணெய்த் தட்டு, கியர்ப்பெட்டியின் அடியில் தாம்பாளம்போல் பொருத்தப்பட்டிருப்பது. பட்டறையில் அதனை 'ஆயில் பேன்' என்பார்கள். தலையில் வாழும் பேனுக்கும் இதற்கும் உறவில்லை. கடிப்பதில் மட்டும் இரண்டும் ஒன்று. பல வண்டிகளில் இந்தத் தட்டின் அடியில் எண்ணெயை வடிப்பதற்கென்று ஒரு திருகாணி இருக்கும். அதன் பெயர் டிரெயின் பிளக். அதன் தலைக்கும் தட்டுக்கும் இடையே செம்பினாலோ அலுமினியத்தாலோ ஆன மெல்லிய வளையம் ஒன்று உண்டு. வாஷர் என்று எல்லா மொழியினரும் அழைக்கும் பொருள். சில வண்டிகளில் அதற்குப் பதிலாக ரப்பர் வளையம் இருக்கும். கசிவைத் தடுப்பது முக்கியமாக இந்த வளையமே. திருகாணி அதனை அழுத்திப் பிடிக்கும் காவலன் மட்டுமே. இந்த ஒன்றை அன்று நாம் அறிந்திருந்தால், பொங்கலுக்கு ஊரில் இருந்திருப்போம்.

ஒரு சொட்டுத்தானே என்று எண்ணக்கூடாது. நிமிஷத்துக்கு ஒரு சொட்டு விழுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1440 சொட்டு. 20 சொட்டுகள் ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், நாளொன்றுக்கு 72 மில்லிலிட்டர். இரண்டு வாரத்தில் ஒரு லிட்டர். நின்ற வண்டியின் கணக்கே இது. ஓடும் வண்டியில் எண்ணெய் சூடேறி இளகுமாதலால் கசிவு இன்னும் மிகும். வட மாநிலங்களின் குளிர்கால விடியற்காலையில் சொட்டு குறைந்திருப்பதைக் கண்டு நோய் தீர்ந்தது என்று மகிழ்பவர்கள், நண்பகலில் மீண்டும் பார்க்க வேண்டும்.

தரையில் கண்டது எந்த எண்ணெய் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் துளியை ஏந்திப் பார்த்தால் பெரும்பாலும் விளங்கிவிடும். தானியங்கிக் கியர்ப்பெட்டி எண்ணெய், பல வண்டிகளில் புதிதாக இருக்கும்போது சிவப்பு. உழைத்த பின் பழுப்பு. என்ஜின் எண்ணெய் தேன் நிறத்தில் தொடங்கிக் கறுத்துப்போவது. ரேடியேட்டர் நீர் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். அது தொட்டால் எண்ணெய்போல் நெடுநேரம் வழுக்காது. குளிர்சாதனத்திலிருந்து சொட்டுவது வெறும் தண்ணீர்; அதற்குக் கலங்க வேண்டியதில்லை. ஸ்டியரிங்கை இலகுவாக்கும் எண்ணெயும் சில வண்டிகளில் சிவப்பாகவே இருப்பதால், நிறத்தை மட்டும் நம்பி முடிவு கட்டலாகாது. துளியில் கருகிய வாடை வீசினால் கசிவைவிடப் பெரிய நோய் உள்ளே இருக்கிறது. அந்த வண்டி நேரே பட்டறைக்குப் போக வேண்டியது.

அடுத்து, கசிவின் பிறப்பிடம். எண்ணெய் பள்ளம் நோக்கிப் பாயும். வண்டியின் அடிப்புறத்தில் டிரெயின் பிளக்தான் மிகத் தாழ்ந்த இடம். ஆகவே மேலே எங்கே கசிந்தாலும், தட்டின் விளிம்பில் கசிந்தாலும், குளிர்விக்கும் குழாயில் கசிந்தாலும், எண்ணெய் வழிந்து வந்து இந்தத் திருகாணியின் நுனியில்தான் சொட்டும். குற்றம் செய்யாதவன் சாவடியில் நிற்பதுபோல. இதற்குப் பரிகாரம் எளியது. தட்டையும் திருகாணியையும் சுற்றுப்புறத்தையும் துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்தி, அடியில் ஓர் அட்டையைப் பரப்பிவிட்டுச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு டார்ச் விளக்கால் பார்த்தால், திருகாணியைச் சுற்றி மட்டும் ஈரம் படர்ந்து மற்ற இடமெல்லாம் உலர்ந்திருக்குமானால் அதுதான் இடம். நாமும் இதைச் செய்தோம். திருகாணியேதான்.

இனி நாம் தவறு செய்த இடத்துக்கு வருகிறோம்.

நம் வண்டி பின் சக்கரங்களால் ஓடும் பெரிய வண்டி. எடை ஏறக்குறைய 1800 கிலோ. அதனோடு வந்த ஜாக்கியால் முன் பக்கம் ஒன்றைத் தூக்கினோம். இடம், கட்டடத்தின் பக்கவாட்டில் ஓடுகற்கள் பதித்த நடைபாதை. கீழே படுத்து, கை எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, டார்ச் விளக்கை எடுத்துவர மாடிக்குப் போனோம். இரண்டாம் மாடிப் படியில் கால் வைத்தபோது கீழே 'தட்' என்று ஓர் ஒலி. ஓடி வந்து பார்த்தால், ஜாக்கியின் அடியில் இருந்த ஓடுகல் ஒரு பக்கமாகப் புதைந்து, ஜாக்கி சாய்ந்து, வண்டி தரையில் இறங்கியிருந்தது. சற்று முன் நம் மார்பு இருந்த இடத்தில் இரும்புக் குறுக்குச் சட்டம் இருந்தது. அத்தகைய வண்டிக்கும் தரைக்கும் இடையே உள்ள உயரம் சுமார் 18 சென்டிமீட்டர். படுத்திருக்கும் ஆண்மகன் ஒருவனின் மார்பு பெரும்பாலும் அதைவிட உயரம். இந்தக் கணக்கை அன்று இரவு உறக்கம் வராமல் கிடந்தபோது போட்டுப் பார்த்தோம். வீட்டாரிடம் மறுநாள்தான் சொன்னோம்.

ஆதலால் நேயர்கள் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கலாகாது. ஜாக்கி என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கு அன்று. சக்கரம் கழற்றி மாட்டுவதற்காகச் செய்யப்பட்ட கருவியின்மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒரு கையைக்கூட நீட்டக்கூடாது. வண்டியைத் தூக்கியவுடன், அதன் எடையைத் தாங்கும் திறன் பொறிக்கப்பட்ட இரும்புத் தாங்கிகளை, ஜாக்கி ஸ்டாண்டு என்பவற்றை, வண்டிப் புத்தகத்தில் காட்டிய இடங்களில் இரு பக்கமும் நிறுத்தி, வண்டியை அவற்றின்மேல் இறக்க வேண்டும். பிறகு பக்கவாட்டில் கையால் அழுத்தமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். அசையாதிருந்தால்தான் அடியில் போகலாம். செங்கல்லை அடுக்கி நிறுத்துவது பலருடைய வழக்கம். செங்கல்லும் உள்ளீடற்ற சிமெண்டுக் கல்லும் முன்னறிவிப்பின்றி ஒரு நொடியில் நொறுங்குபவை. அவை சுவருக்கு உரியவை. தரை கெட்டியான சமதளமாக இருக்க வேண்டும். மழையில் ஊறிய மண்ணிலும், பதித்த ஓடுகல்லிலும், சரிவிலும் இந்த வேலைக்கு இடமில்லை. கழற்றிய உபரிச் சக்கரத்தை வண்டியின் விளிம்புக்கு அடியில் படுக்க வைத்தால், கடைசிக் காப்பாக உதவும்.

இன்னொரு நுட்பம் உண்டு; இதைப் பழகிய ஓட்டுநர்களிலும் பலர் அறியார். கியர்க் கோலைப் 'பி' என்னும் நிறுத்தக் குறியில் வைத்துவிட்டால் வண்டி எங்கும் நகராது என்று நம்புகிறோம். அந்தப் பூட்டு, என்ஜின் ஓட்டும் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. முன் சக்கரங்களால் ஓடும் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கினால், அந்தப் பூட்டு அந்தரத்தில் நிற்கும் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். தரையில் உள்ள பின் சக்கரங்களுக்குக் கைப்பிரேக் ஒன்றே துணை. பின் சக்கரங்களால் ஓடும் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கினாலோ, பூட்டும் போயிற்று, பெரும்பாலும் கைப்பிரேக்கும் போயிற்று. ஆகவே 'பி'-யில் வைத்து, கைப்பிரேக்கும் இட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுப்பது இன்றியமையாதது. சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். அருகில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும், குழந்தைகள் வேண்டாம்.

அடுத்த நாள், நம் அடுத்த கட்டடத்தில் வாழ்ந்த தஞ்சாவூர்க்காரர் ஒருவரிடம் தாங்கிகளை இரவல் வாங்கினோம். அவர் ஒரு கேள்வி கேட்டார்: "எண்ணெய் ஊற்றும் திருகு கழல்கிறதா என்று பார்த்தீர்களா?" நமக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பல தானியங்கி வண்டிகளில் அளவுகோல் கம்பியும் இல்லை, மேலிருந்து ஊற்றும் வாயும் இல்லை. கியர்ப்பெட்டியின் பக்கவாட்டில் உள்ள இன்னொரு திருகாணி வழியாகவே எண்ணெய் ஏற்ற வேண்டும். பழைய எண்ணெயை எல்லாம் வடித்துவிட்ட பிறகு அந்த மேல் திருகாணி துருப்பிடித்துக் கழல மறுத்தால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். எனவே ஊற்றும் வாயைத் திறந்து பார்த்த பிறகே வடிக்கும் வாயைத் தொட வேண்டும். அனுபவசாலியின் சொல் என்பதற்கு அந்த ஒரு கேள்வி போதும்.

கழற்ற வேண்டியது கியர்ப்பெட்டியின் திருகாணிதானா என்பதையும் இரு முறை பார்க்க வேண்டும். என்ஜினுக்கும் அடியில் ஒரு டிரெயின் பிளக் உண்டு. ஒன்றை மற்றொன்று என்று எண்ணிக் கியர்ப்பெட்டியை வடித்துவிட்டு, என்ஜினில் மேலும் எண்ணெயை ஊற்றி, இரண்டையும் கெடுத்த கதைகள் தொழில் தெரிந்தவர்களின் பட்டறைகளிலேயே நடந்திருக்கின்றன. சில கியர்ப்பெட்டிகளில் டிரெயின் பிளக்குக்குள்ளேயே எண்ணெயின் மட்டத்தை அளக்கும் சிறு குழாய் ஒன்று நிற்கும். அதற்குரிய முறை தனி. புத்தகத்தைப் பாராமல் ஸ்பானரை எடுக்கலாகாது என்று நாம் சொல்வது இதனால்தான்.

வடிப்பதற்கு முன் ஒரு படி உண்டு. திருகாணி தானே தளர்ந்திருக்கலாம். அப்படியானால் புத்தகத்தில் குறித்த அளவுக்கு இறுக்கினாலே கசிவு நின்றுவிடும். எண்ணெயை வடிக்கவே வேண்டியதில்லை. இங்கே 'குறித்த அளவு' என்ற சொல்லை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அந்த அளவு நியூட்டன் மீட்டர் என்னும் கணக்கில் தரப்பட்டிருக்கும். பல வண்டிகளில் அது 20-க்கும் 50-க்கும் இடையே இருக்கும். சிலவற்றில் அதனினும் குறைவு. 30 நியூட்டன் மீட்டர் என்றால் என்ன? 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் சுமார் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு திருகுமோ, அவ்வளவு. ஓர் அரிசிப் பையின் கனம். ஆத்திரத்தோடு இழுக்கும் மனிதனின் கை அதைப்போல் பல மடங்கு இழுக்கும். இதற்கென்றே டார்க் ஸ்பானர் என்னும் கருவி உண்டு. குறித்த அளவு வந்ததும் 'டிக்' என்று ஒலித்து அறிவிக்கும். நாம் அதை வாங்கவில்லை. அதற்குப் பதிலாக என்ன செய்தோம் என்றால், ஸ்பானரின் வாலில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, நீளத்தைக் கூட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினோம்.

கசிவு நின்றது. அன்று மாலை மூட்டை கட்டினோம். மறுநாள் காலையில் முன்னிலும் இருமடங்கு வட்டம் தரையில் இருந்தது.

மிஸ்திரி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் திருகாணியை விரலால் தொட்டார். அது இறுகாமல் சுழன்றது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு இந்தியில், "சூடி மர் கயீ" என்றார். சூடி என்றால் வளையல் என்றுதான் நம் வீட்டார் கடைத்தெருவில் கற்றிருந்தார்கள். வளையல் செத்துப்போயிற்றா? பொங்கலும் அதுவுமாக என்ன சொல் இது என்று அவர்கள் முகம் வாடிப்போயிற்று. திருகாணியின் மரைக்கும் இந்தியில் சூடி என்றே பெயர்; சுற்றிச் சுற்றி அடுக்கிய வளையல்போல் இருப்பதனால் வந்திருக்கலாம். நாம் மரை கழன்றது என்போம். அவர்கள் வளையல் செத்தது என்கிறார்கள். அன்றைய நிலையில் நம் தமிழ் வழக்கு, திருகாணிக்கு மட்டுமன்றி அதை இறுக்கியவருக்கும் பொருந்தியது.

நடந்தது இதுதான். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கித் தன் மென்மையை இழந்திருந்தது. எவ்வளவு இறுக்கினாலும் அது இனி இடைவெளியை நிரப்பாது. நாம் கொடுத்த முரட்டு விசை முழுவதும் தட்டின் மரைக்குப் போய்ச் சேர்ந்தது. திருகாணி உருக்கு, தட்டோ அலுமினியம். வன்மையும் மென்மையும் மோதினால் எது தோற்கும் என்பது தெரிந்ததே. சில பத்து ரூபாய் பெறும் ஒரு வளையத்தை மாற்றாமல், பல ஆயிரம் பெறும் தட்டை அழித்தோம். புதுத் தட்டு வந்துசேர 11 நாள் ஆயிற்று. பொங்கலன்று நாகபுரியில் குக்கரில் பொங்கல் வைத்தோம், ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய முதியவர், "வண்டி போனால் போகட்டும், நீ நன்றாக இருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டார். ஜாக்கி சாய்ந்த கதையை அவருக்கு நாம் இன்றுவரை சொல்லவில்லை.

செய்திருக்க வேண்டியது எது? வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே தொடக்கூடாது. ஓடிய கியர்ப்பெட்டியின் எண்ணெய் 80, 90 டிகிரி சூட்டில் இருக்கும். பக்கத்தில் ஓடும் புகைக் குழாய் அதனினும் சூடு. கைபொறுக்கும் வெதுவெதுப்புக்கு ஆறிய பின், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, அகன்ற பாத்திரத்தை அடியில் வைத்து, முகத்தை ஒதுக்கிக்கொண்டு திருகாணியைக் கழற்ற வேண்டும். கடைசிச் சுற்றுகளில் அதை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே திருகினால், எண்ணெய் முழங்கை வழியே ஓடாது. பீடி, சிகரெட் அருகில் கூடாது. வடிந்த எண்ணெயை அளக்கும் ஜாடியில் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். தட்டிலிருந்து வடிவது மொத்த எண்ணெயில் ஒரு பகுதியே; பெரும்பகுதி டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். ஆகையால் புத்தகத்தில் 'மொத்தக் கொள்ளளவு' என்று கண்டதை அப்படியே ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும். குறைவைப்போலவே மிகையும் கேடு, நுரைத்துப் பொங்கும்.

பிறகு, பழைய வாஷர் தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிட வேண்டும். கவனியாமல் அதன்மேல் புதியதை வைத்தால் மீண்டும் கசியும். வாஷர் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, கீறல் உண்டா என்று பார்க்க வேண்டும். திருகாணியின் மரையில் உலோகத் துணுக்குகள் இருக்கின்றனவா என்றும் பார்க்கலாம். சில பிளக்குகளின் நுனியில் காந்தம் உண்டு; அதில் மை போன்ற மெல்லிய பொடி ஒட்டியிருப்பது இயல்பு, சில்லுகள் ஒட்டியிருந்தால் கியர்ப்பெட்டியைக் காட்ட வேண்டும். புதிய வாஷரைக் கோத்து, திருகாணியை முதலில் ஸ்பானர் இல்லாமல் விரலாலேயே முடிந்தவரை ஏற்ற வேண்டும். விரலுக்கு வழி விடாத திருகாணி கோணலாக ஏறுகிறது என்று பொருள். உடனே இறக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இறுதியில் டார்க் ஸ்பானரால் குறித்த அளவு. அதற்கு மேல் ஓர் இம்மியும் வேண்டாம். மரையில் டெஃப்லான் நாடாவைச் சுற்றுவதும் பசை தடவுவதும் குடிநீர்க் குழாய்க்கு நன்று. கியர்ப்பெட்டியில் அவற்றின் துணுக்கு உள்ளே போனால், ஊசித்துளை போன்ற எண்ணெய் வழிகளை அடைத்துவிடும். தயாரிப்பாளரே சொல்லியிருந்தாலொழியச் செய்யலாகாது.

மரை ஏற்கெனவே அழிந்துவிட்ட வண்டியைப் பொறுத்தவரை, வீட்டு வேலை அங்கே முடிந்துவிடுகிறது. பெரிய திருகாணியை முரட்டுத்தனமாக ஏற்றி, அதுவே புது மரை வெட்டிக்கொள்ளும் என்று சொல்பவர்கள் உண்டு. வெட்டிய உலோகத் தூள் எங்கே போகும் என்று அவர்களைக் கேட்க வேண்டும். தட்டைக் கழற்றி வெளியே வைத்து, மரைக்குள் உருக்குச் சுருள் பொருத்துவது சரியான முறை. தட்டையே மாற்றுவது அதனினும் நிச்சயம்.

எண்ணெயைத் தேர்வதில் சிக்கனமும் பார்க்கக்கூடாது, கடைக்காரர் சொல்லையும் கேட்கக்கூடாது. டெக்ஸ்ரான், டபிள்யூ.எஸ்., சி.வி.டி. எண்ணெய் என்று வகைகள் பல. பெல்ட்டினால் இயங்கும் சி.வி.டி. பெட்டிக்கு உரியதை மற்றொன்றில் ஊற்றினால் கெடும். வண்டிப் புத்தகத்தில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறதோ அதே பெயர் டப்பாவில் இருக்க வேண்டும். அளந்து வடித்த அளவு, அதனோடு கசிந்துபோனதாக மதிப்பிடும் அளவு, இரண்டையும் சேர்த்துக் கைப்பம்பால் ஏற்றலாம்.

மட்டத்தைச் சரிபார்ப்பது மட்டும் நம் கருத்தில் வீட்டு வேலை அன்று. அளவுகோல் கம்பி உள்ள வண்டியானால், சமதளத்தில் நிறுத்தி, புத்தகம் சொல்லும் முறையில் மேலிருந்தே பார்த்துவிடலாம். கம்பி இல்லாத வண்டிகளிலோ வண்டி நாற்புறமும் சமமாக உயர்ந்து நிற்க வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எண்ணெய் குறித்த வெப்பத்தில், பலவற்றில் 35 முதல் 45 டிகிரிக்குள், இருக்கும்போது திருகாணியைத் திறந்து, மெல்லிய நூலாக வழிவதைக் காண வேண்டும். ஓடும் என்ஜினுக்கு அடியில் படுப்பதற்கு எந்த அவசரமும் நியாயமாகாது. வண்டியைத் தூக்கும் மேடை உள்ள பட்டறையில் அரைமணி நேர வேலை இது. மெதுவாக ஓட்டிச் சென்று செய்துகொள்ளுங்கள். வேற்று மொழியில் விளக்கத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். வடித்த அளவையும் ஊற்றிய அளவையும் ஒரு தாளில் எண்களாக எழுதிக் கொடுத்தால் எந்த ஊர் மிஸ்திரிக்கும் விளங்கும்.

பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டுவது தகாது. ஊரில் நிலைக்கதவுக்குக் கரையான் வராமல் பூசினார்களே என்று கேட்கலாம். கையில் தோலையும் கிணற்றில் நீரையும் கெடுக்கும் பொருள் என்று தெரிந்த பின் அந்த வழக்கம் எதற்கு? 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் இதனை முறைப்படி அகற்ற வேண்டிய பொருள்களில் சேர்த்திருக்கின்றன. மூடியுள்ள டப்பாவில் அடைத்து, குடிநீர்ப் புட்டி என்று குழந்தைகள் மயங்காதபடி பெயர் எழுதி, எண்ணெய் மாற்றும் பட்டறையில் கொடுத்துவிடலாம். தரையில் சிந்தியதன்மேல் மரத்தூளைத் தூவி ஊறவிட்டுக் கூட்டினால், கட்டடச் செயலாளரின் கடிதம் வராது.

புதுத் தட்டும் புது வாஷருமாக நம் வண்டி பிப்ரவரியில் புறப்பட்டது. 50 கிலோமீட்டர் தாண்டியதும் ஒரு முறை நிறுத்தி, அடியில் குனிந்து பார்த்தோம். இரவு கர்நூலில் தங்கினோம். வண்டியின் அடியில் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த அட்டையை விரித்துவிட்டுப் படுத்தோம். விடியற்காலையில் டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்தபோது அட்டை உலர்ந்திருந்தது. அதன்மேல் விடுதியின் பூனை ஒன்று உறங்கிக்கொண்டிருந்தது.